துப்பறிவாளனுக்கும் தலபுராணமா?

செத்தான் ஒருவன், அழுதனர் ஆயிரமாயிரவர். அவன் பிறந்த மனை எது, புதைத்த இடம் எது என்று கேட்டால் எவராலும் காட்ட முடியாது. பிறந்திருந்தால் அல்லவா புதைப்பதற்கு! தாளிலே தோன்றி, மையிலே வளர்ந்து, தன்னைப் படைத்தவரின் எழுதுகோல் முனையிலேயே மாண்டவன் அவன். 1893 டிசம்பரில், 'ஸ்ட்ராண்ட்' என்னும் இலண்டன் மாத ஏட்டில், சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியருகே மோரியார்ட்டி என்ற கொடியவனோடு கட்டிப் புரண்டு, துப்பறிவாளன் ஷெர்லக் ஹோம்ஸ் பாதாளத்தில் வீழ்ந்தான் என்று எழுதி முடித்தார் ஆர்தர் கோனன் டாயில். முடித்துவிட்டதாக அவர் எண்ணினார். வாசகர்கள் முடிக்க விடவில்லை!

சந்தாவை நிறுத்தியோர் இருபதாயிரவர் என்பர். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. மாது ஒருத்தி, கடிதத்தின் முதல் சொல்லிலேயே தன்னைக் கொடிய விலங்காக்கி விளித்திருந்தாள் என்று டாயிலே பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். இலண்டன் இளைஞர்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புத் துணி அணிந்து அலுவலகம் சென்றனர் என்றும் ஒரு செய்தி உண்டு. இந்தக் கறுப்புத் துணிச் செய்தியைக் கேட்டதும் சிலருக்கு மெய் சிலிர்க்கும். சிலிர்ப்பது கிடக்கட்டும், தோழர்களே! சான்று எங்கே? தேடிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த ஆண்டின் ஏடுகளிலே அப்படியொரு செய்தி கிடைக்கவில்லை என்று அவர்கள் கைவிரிக்கின்றனர். சான்றில்லாத எதையும் ஏலாதவன் என்று புகழப்படும் ஒருவனைப் பற்றிய கதையைச் சான்று கேளாமலே ஏற்றுக்கொண்டது உலகம்! வேடிக்கை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் படிப்பகங்களில் அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. புராணம் படிப்பவன் மதி மழுங்கும். துப்பறியும் கதை படிப்பவன் மதி தீட்டப்படும். ஆகவே துப்பறியும் தொடர்கதைகள் பகுத்தறிவுக்குப் படிக்கட்டுகள் என்பது அந்த வாதம். ஆரணி குப்புசாமி முதலியார் காலந்தொட்டு மேனாட்டுத் துப்பறியும் கதைகள் தழுவலாகத் தமிழுக்கு வந்து குவிந்தன; பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார்; அவர்பின் எத்தனையோ துப்பறிவாளர் வந்தனர். அத்தனை பேரும் துப்புத் துலக்கியும், துப்பறியும் தொடரை வெளியிடும் இதழின் அடுத்த பக்கத்திலே இராசி பலன் இராசாவைப் போல் வீற்றிருப்பது ஏன்? கதையைப் படித்த கண்தானே பலனையும் படிக்கிறது! அந்தக் கண்ணுக்குக் கூச்சம் வரவில்லையே!

எனவே, வாதத்தை ஊகத்திலே விடாமல் சோதித்துப் பார்ப்போம். சோதனைக்கு எடுத்துக்கொள்ள ஹோம்ஸ் கதைகளைவிடப் பெரிய தொடர் வேண்டியதில்லை. 1887-இல் 25 பவுனுக்கு உரிமை முழுவதையும் விற்று வெளிவந்த முதல் நூல் தொடங்கி, 1927-இல் வந்த கடைசிக் கதை வரை, நாற்பது ஆண்டுகள்; நான்கு நாவல்கள்; ஐம்பத்தாறு சிறுகதைகள். கோடிக்கணக்கானோர் படித்துவிட்டனர். படித்தவர் மதி தீட்டப்பட்டதா, இல்லையா?

முதலில் கொடுக்க வேண்டிய புகழைக் கொடுத்துவிடுவோம். பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை எழுதப்பட்டது 1901-இல். இருண்ட சதுப்பு நிலம். நெருப்பைக் கக்கும் பேய்நாய். பரம்பரையை விடாமல் துரத்தும் சாபம்! ஊரார் நடுங்குகின்றனர். படித்த மருத்துவர் ஒருவரே தயங்கித் தயங்கி நம்பத் தொடங்குகிறார். ஹோம்ஸ் நம்பவில்லை. கடைசியிலே கண்டது என்ன? காசு கொடுத்து வாங்கிய நாய். அதன் முகத்திலே பூசிய பாஸ்பரஸ். சொத்தின்மேல் கண் வைத்த உறவினன்! பேய்க்குப் பின்னால் மனிதன், மனிதனுக்குப் பின்னால் சொத்து. நம் நாட்டில் ஒரு நூறு கோயிற் கதைகளைத் துலக்க இந்த ஒரு திறவுகோல் போதும். இதை எழுதிய கைக்கு நாம் வணக்கம் செலுத்தத் தயங்கவில்லை.

ஆனால் இதே கை 1892-இல் ஒரு பாம்புக் கதையையும் எழுதியது. கல்கத்தாவிலே மருத்துவம் பார்த்துத் திரும்பிய வெள்ளையன் ஒருவன், இந்தியப் பாம்பொன்றை வளர்க்கிறான். அது பால் குடிக்கிறது! சீழ்க்கை ஒலி கேட்டுத் திரும்பி வருகிறது! மணிக்கயிற்றைப் பற்றி இறங்குகிறது, ஏறுகிறது! பாம்பு பால் குடிக்கும் என்று நம்பி நாகபஞ்சமியன்று புற்றிலே பாலைக் கொட்டும் பாட்டியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பாம்புக்குப் பால் உணவல்ல. நீரில்லாமல் தவிக்கவிட்டால் எந்த நீர்மத்தையும் அது உறிஞ்சும் என்று விளக்குகிறோம். பாட்டியின் பாலுக்குச் சிரித்த இளைஞன், ஹோம்ஸ் கண்டுபிடித்த பால் கிண்ணத்தைப் படித்தபோது சிரித்தானா? ஆகா, என்ன நுட்பம் என்று வியந்தான்! பாட்டியிடம் புற்று இருந்தது. இவனிடம் பேக்கர் தெரு இருக்கிறது. 1927-இல் தம் கதைகளுள் சிறந்தவை பன்னிரண்டைத் தேர்ந்து வரிசைப்படுத்திய டாயில், முதலிடம் கொடுத்தது எதற்கு? இந்தப் பாம்புக்குத்தான்.

அந்தப் பெயரில் அப்படியொரு பாம்பு எந்த நாட்டிலும் இல்லை. 'ஆசிரியர் பிழை செய்தார்' என்று சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகும்? ஹோம்ஸ் அன்பர்களுக்கோ பல பத்தாண்டுகள் போதவில்லை! ஹோம்ஸ் சொன்ன பாம்பு எது என்று ஆராய்ச்சி. விரியன் என்பார் ஒருவர், நல்லபாம்பே என்பார் மற்றொருவர். பாம்பியல் அறிஞர் ஒருவரே, நல்லபாம்பும் அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியும் கூடிப் பிறந்த கலப்பினம் அது என்று விளையாட்டாக எழுதி வைத்தார். உலகத்துக்கு ஏற்பக் கதையைத் திருத்தமாட்டார்கள். கதைக்கு ஏற்ப உலகத்தில் ஒரு பாம்பைப் படைப்பார்கள்! இந்த முறை நமக்குப் புதிதா? எந்த மடத்து வாசலில் கேட்டாலும் கிடைக்குமே!

இன்னும் கேளுங்கள். ஹோம்சின் தோழர் வாட்சனுக்கு ஒரு கதையிலே தோளில் குண்டுக் காயம். வேறொரு கதையிலே அது காலுக்கு இறங்கிவிடுகிறது. அவர் பெயர் ஜான். 1891-இல் வந்த ஒரு கதையிலோ மனைவியே அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். ஓடி ஓடி எழுதிய ஆசிரியரின் மறதி என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். வாட்சனின் பெயரில் நடுவே ஓர் எழுத்து வருகிறதல்லவா? அது 'ஹாமிஷ்' என்பதைக் குறிக்கும்; ஹாமிஷ் என்பது ஸ்காட்லாந்து வழக்கில் ஜேம்ஸ்; ஆகவே மனைவி அழைத்ததில் பிழையே இல்லை! இப்படி முடிச்சவிழ்த்தவர் டோரதி சேயர்ஸ் அம்மையார். தாமே பெயர்பெற்ற துப்பறியும் கதாசிரியர். சூரனுக்குத் தலை எத்தனை, கை எத்தனை என்ற கணக்கு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால், அதற்கும் ஓர் உட்பொருள் கண்டு உரை சொல்லும் நம் புலவர்கள் இதைக் கண்டால் அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

'விளையாட்டு ஐயா, விளையாட்டு! அவர்கள் அறிந்தே ஆடுகிறார்கள்' என்பீர்கள். உண்மை. இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் ரொனால்டு நாக்ஸ். பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியானவர். 1911-இல் ஆக்ஸ்போர்டிலே அவர் படித்த கட்டுரை, விவிலியத்தைத் துருவித் துருவி ஆராய்ந்த அறிஞர்களைக் கேலி செய்வதற்காக, அதே முறையில் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து காட்டியது. கேலி செய்ய எழுதியதையே வழிபாட்டு முறையாக்கிக் கொண்டனர் வந்தவர்கள். 1934-இல் நியூயார்க்கிலே கழகம் கண்டனர். அறுபது கதைகளுக்கும் மறைநூல் தொகுதிக்குரிய பெயரையே சூட்டினர். விளையாட்டாக வைத்த கல்லுக்கு யாரோ ஒருவர் மஞ்சள் பூசினால், மறுநாள் கற்பூரம் எரிவதை நம் ஊர் முச்சந்திகளில் பார்த்தவர்கள் நாம். பேக்கர் தெருவிலும் அதுதான் நடந்தது. டாயில் எழுதிய காலத்தில் 221 என்ற எண் அந்தத் தெருவிலே கிடையாது. பிறகு தெரு நீண்டு, 1932-இல் வீட்டுக்கடன் சங்கம் ஒன்று அந்த எண்ணை உள்ளடக்கிய கட்டடத்தில் குடிவந்தபோது, ஹோம்ஸ் பெயருக்குக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லியும், துயரத்தைத் தீர்க்கச் சொல்லியும் எழுதினர். பதில் எழுதுவதற்கென்றே ஒரு செயலாளரை அமர்த்தும்படி ஆயிற்று அந்தச் சங்கத்துக்கு! 2008-இல் பிரிட்டனின் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று இளைஞரிடையே எடுத்த கருத்துக் கணிப்பிலே, பாதிக்கு மேற்பட்டோர் ஹோம்ஸ் உண்மையில் வாழ்ந்தவன் என்றனர். ஐந்தில் ஒருவருக்கு மேல் சர்ச்சில் கற்பனைப் பாத்திரம் என்றனர். சர்ச்சிலுக்கு அது தேவைதான் என்று நமக்குள் சிரித்துக்கொள்ளலாம். ஆனாலும், இது எந்த விளையாட்டின் பலன்?

பாம்பைத் தேடியவர்களின் கண்ணுக்கு அகப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1890-இல் வந்த இரண்டாம் நாவலிலே இரு சீக்கியர்கள் வருகிறார்கள். அவர்கள் பெயர் மகமத் சிங், அப்துல்லா கான்! ஒரு சீக்கியனையேனும் அருகிருந்து அறிந்த கை அப்பெயர்களை எழுதியிருக்குமா? அதே நாவலில் அந்தமான் தீவுப் பழங்குடி மனிதன் ஒருவன், மனித உருவெடுத்த விலங்காகக் காட்டப்படுகிறான். ஆற்றிலே சுட்டு வீழ்த்தப்படுகிறான். வாட்சனின் தோட்டா தோளிலா காலிலா என்று துடித்த வாசகரிலே, இந்தத் தோட்டாவைப் பற்றித் துடித்தவர் எத்தனை பேர்? நம் நாட்டிலும் அதைப் படித்துவிட்டுக் கைதட்டினோமே!

சரி, வாசகர் நிலை இது. படைத்தவர் நிலை என்ன? அதுதான் அழுவதா சிரிப்பதா என்று அறியாத பகுதி.

ஹோம்சைக் கொன்ற அதே 1893-இல், டாயில் ஆவி ஆராய்ச்சிக் கழகத்திலே உறுப்பினரானார். 1916-இல் ஆவிகளோடு பேசமுடியும் என்று பகிரங்கமாக அறிவித்தார். போரிலே காயமுற்ற மகனைப் பறிகொடுத்த துயரால் மதி கலங்கினார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் சொல்வார்கள். தேதிகளைப் பாருங்கள், தோழர்களே! மகன் இறந்தது 1918 அக்டோபரில். அறிவிப்பு வந்ததோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே. துயரம் நம்பிக்கையை வளர்த்திருக்கலாம், பெற்றெடுக்கவில்லை.

1917-இல் யார்க்ஷயரில் காட்டிங்லி என்னும் சிற்றூரிலே எல்சி, பிரான்சிஸ் என்ற இரு சிறுமியர், ஓடைக்கரையில் தேவதைகள் ஆடுவதாகப் புகைப்படம் எடுத்துக் காட்டினர். மூத்தவளுக்குப் பதினாறு, இளையவளுக்கு ஒன்பது. மூத்தவள் படம் வரைவாள்; புகைப்பட நிலையத்திலே வேலையும் பார்த்தவள். ஹோம்சாக இருந்தால் இந்த இரண்டு செய்திகளோடு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருப்பான். டாயிலோ 1920 டிசம்பரில், ஹோம்ஸ் வாழ்ந்த அதே 'ஸ்ட்ராண்ட்' ஏட்டிலே, தேவதைகள் மெய் என்று கட்டுரை எழுதினார். 1922-இல் நூலே வெளியிட்டார். அட்டையை வெட்டித் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய உருவங்கள் அவை. ஒரு படத்திலே உருவத்தின் நடுவே ஊசியின் தலை புள்ளியாகத் தெரிந்தது. டாயில் அதைக் கண்டார். கண்டு, 'கொப்பூழ்' என்றார்! தேவதைகளும் மனிதரைப் போலவே கருவுற்றுப் பிறக்கின்றன என்பதற்கு அதுவே சான்றாயிற்று! 1983-இல் முதுமை எய்திய அவ்விருவரும் உண்மையை ஒப்புக்கொண்டபோது மற்றொன்றும் தெளிவாயிற்று. அந்தத் தேவதைகளைப் பார்த்து வரைந்தது, சிறுவர்க்கான 'இளவரசி மேரியின் பரிசுநூல்' என்ற தொகுப்பிலிருந்து. அந்நூலில் கதை எழுதியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? ஆர்தர் கோனன் டாயில்!

வித்தைக்காரர் ஹூடினி அவர் நண்பர். 1922-இல் அட்லாண்டிக் சிட்டியில், டாயிலின் மனைவியார் ஆவேசமுற்று, ஹூடினியின் இறந்த தாய் எழுதுவதாகப் பதினைந்து பக்கம் எழுதித் தள்ளினார். பக்கத்தின் தலையிலே சிலுவை, மொழி ஆங்கிலம். ஹூடினியின் தாயோ யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் அறியாதவர்! ஹூடினி இதை எடுத்துரைத்தபோது டாயில் தளர்ந்தாரா? இல்லை; நட்புத்தான் முறிந்தது. 'நான் செய்வதெல்லாம் தந்திரமே' என்று ஹூடினி தம் வாயால் சொல்லியும், அவரிடம் தெய்வ ஆற்றல் இருப்பதாக டாயில் நூலெழுதினார். மறுப்பதே சான்றாகிவிடும் நிலைக்கு மதி போய்விட்டால், எந்தத் துப்பறிவாளன் வந்து மீட்பான்?

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தம் மற்றொரு கதைத்தலைவரான பேராசிரியர் சாலஞ்சரை 1926-இல் வெளிவந்த நாவலிலே ஆவி நம்பிக்கைக்கு மதம் மாற்றிவிட்டார் டாயில். ஹோம்சை மட்டும் மாற்றவில்லை. தாம் ஆவிகளோடு உரையாடிய 1924-இலும், இரத்தம் குடிக்கும் பேய் என்று அலறி வந்த கட்சிக்காரருக்கு, பேயுமில்லை பிசாசுமில்லை என்று ஹோம்சைக் கொண்டு விளக்க வைத்தார். வாசகரின் சீற்றத்தை 1893-இல் சுவைத்தவர் அல்லவா! அந்தச் சீற்றம் மீண்டும் எழும் என்று அஞ்சினார் போலும் என்பது என் ஊகம். அப்படியானால் வாசகர் கூட்டம் செய்த நற்பணி அது ஒன்று. ஆனால் அவர்கள் காத்தது பாத்திரத்தின் பகுத்தறிவை. தங்கள் பகுத்தறிவை அல்ல.

பகுத்தறிவு இங்கிலாந்திலே பயன்பட்டதே இல்லையா? பயன்பட்டது, ஒரு முறை அழகாகவே. பம்பாய்ப் பார்சி ஒருவர் கிறித்தவராகி, ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்னும் ஊரிலே பாதிரியாக அமர்ந்தார். சாபூர்ஜி எடல்ஜி அவர் பெயர். கறுத்த பாதிரியை ஊர் சகிக்கவில்லை. மொட்டைக் கடிதங்கள் பறந்தன. 1903-இல் இரவு நேரத்தில் கால்நடைகளை எவனோ குத்திக் கிழித்தபோது, பாதிரியின் மகன் ஜார்ஜ், வழக்கறிஞர், பிடிபட்டார். ஏழாண்டுக் கடுங்காவல்! விடுதலை வேண்டிப் பதினாயிரம் பேர் கையொப்பமிட்டனர். வழக்கின் ஓட்டைகளைச் சட்டம் கற்றோர் எடுத்துக் காட்டினர். அரசு அசையவில்லை. மூன்றாண்டுக்குப் பின் காரணம் சொல்லாமல் சிறைக்கதவை மட்டும் திறந்தது.

டாயில் ஜார்ஜை ஒரு விடுதியிலே முதன்முறை பார்த்தார். நாளிதழைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார் அந்த இளைஞர். கண் மருத்துவம் கற்ற டாயிலுக்கு அது போதும். இந்தப் பார்வையோடு, கும்மிருட்டில், வயல்களையும் இருப்புப்பாதையையும் கடந்து சென்று விலங்கைக் குத்தினாரா? 1907 சனவரியில் நாளேட்டிலே எழுதினார். நாடு திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டு மே மாதம் மன்னிப்பு வந்தது. அதே ஆண்டு குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் அமைய இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. ஆனால் இழப்பீடு ஒரு காசும் இல்லை. 1953-இல் சாகும்வரை ஜார்ஜுக்கு அது வரவே இல்லை.

இங்கேதான் நான் வாசகரைக் கூண்டிலே ஏற்றுகிறேன். பதினாயிரம் கையொப்பம் அசைக்காத அரசை ஒரு பெயர் அசைத்தது. வாதத்தின் வலிமையால் அன்று. அதைச் சொன்னவர் ஹோம்சைப் படைத்தவர் என்ற மயக்கத்தால்! அந்த மயக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எடல்ஜிக்காக டாயில் எழுதியதை நம்பியவர்களுக்கு, தேவதைக்காக அவர் எழுதியதை மறுக்க எந்தப் பிடியும் இருக்காது. இரண்டிலும் அவர்கள் பார்த்தது கையொப்பத்தை மட்டும் என்றால். கண்பார்வையைச் சோதித்துப் பார்த்து நம்பியவனோ, ஊசியின் தலையையும் சோதித்திருப்பான்.

நமக்கும் சுடுகிறதா? சுடட்டும். 'ஐயா சொன்னார்' என்பதோடு வாதத்தை முடித்துக்கொள்ளும் இளைஞர்கள் நம் மேடைகளிலே பெருகியிருக்கிறார்கள். நான் சொல்வதாலேயே நம்பாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார் என்று ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற கிழவரின் பெயராலேயே இது நடக்கிறது! பகுத்தறிவாளன் ஒருவனைக் கொண்டாடும் கூட்டம் என்ற பெயர் நமக்கு வருமானால், பேக்கர் தெருவுக்குக் கடிதம் எழுதியவனுக்கும் நமக்கும் முத்திரைத்தாளில்தான் வேறுபாடு.

படைத்தவரின் கதையை முடித்துவிடுகிறேன். மாண்ட ஹோம்சை, அமெரிக்க ஏடு கொடுத்த பெரும்பணத்துக்கும் வாசகர் கொடுத்த நச்சரிப்புக்கும் இசைந்து, 1903-இல் உயிர்ப்பித்தார் டாயில். அருவியில் வீழ்ந்தது மோரியார்ட்டி மட்டும், ஹோம்ஸ் மூன்றாண்டு ஒளிந்திருந்தான் என்று ஒரு விளக்கம். வாசகர் மகிழ்ந்தனர். 1930 சூலை 7-ஆம் நாள் டாயில் இறந்தார். ஆறு நாள் கழித்து, இலண்டன் ஆல்பர்ட் மன்றத்தில் ஆயிரமாயிரவர் திரண்டனர். மேடையிலே அவர் மனைவியாரின் அருகே ஒரு நாற்காலி. அதன்மேல் டாயிலின் பெயர் எழுதிய அட்டை. வருவார் என்று காத்திருந்தனர். எஸ்டெல் ராபர்ட்ஸ் என்னும் ஆவி பேசும் அம்மையார், இதோ வந்து அமர்ந்துவிட்டார் என்றார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. நாற்காலி இருந்தது, அட்டை இருந்தது.